திருவொற்றியூர்க் கட்சியும் மைசூர்க் கட்சியும்

மனிதன் கட்சி இல்லாமல் ஜீவிக்க முடியாதவன் என்பதில் எனக்கு நெடுநாளாகவே சந்தேகம் கிடையாது. கட்டிக்கொள்ள வேறு கட்சி அகப்படாத காலத்தில் அவன் கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமத்தைச் சாத்துவது என்று கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறான். பாகவதரின் சாரீரம் உயர்ந்ததா, பி. யு. சின்னப்பாவின் சாரீரம் உயர்ந்ததா என்ற விசாரத்தில் டூரிங் கொட்டகையின் மணல் தரையிலிருந்து எழுந்து நின்று சட்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். காப்பிப் பொடியில் சிக்கரி கலக்கலாமா கூடாதா என்ற பிரச்னையில், சம்பந்தம் பேச வந்த இடத்திலிருந்து மேல்துண்டை உதறிக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் ஒருவாறு புரிந்துகொள்ள முடிகிறது. யானை நம் ஊர் யானை. பாட்டு நம் காதில் விழுந்த பாட்டு. காப்பியோ நாம் குடிக்கப்போகிற காப்பி. ஆனால், தனக்கு ஒரு பங்குகூட இல்லாத கம்பெனி ஒன்றுக்காக, அதன் முதலாளி யாரென்று தனக்குத் தெரியாமலும், தான் ஒருவன் பூமியில் இருப்பது அந்த முதலாளிக்குத் தெரியாமலும், வேறொரு கம்பெனியின் சரக்கை வாங்கிவிட்ட குற்றத்துக்காக அடுத்த வீட்டுக்காரரோடு ஆயுட்காலப் பகை பூணுகிறானே, அந்த விந்தை மட்டும் நம்முடைய காலத்துக்கே உரியது என்று நினைக்கிறேன்.

கைபேசி, காமிரா, பேனா, குளிர்பானம் என்று கடையில் விற்கிற வஸ்து எதை எடுத்துக்கொண்டாலும் அதற்கு இரண்டு கட்சிகள் இருக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். அவற்றைப் பற்றியெல்லாம் பேச எனக்கு யோக்யதை கிடையாது. நான் நேரில் கண்டு, அருகிலிருந்து கேட்டு, சில சமயங்களில் குறுக்கே போய் வாங்கிக் கட்டிக்கொண்டும் அறிந்த விவகாரம் ஒன்றே ஒன்று. அது புல்லட்டுக்கும் யெஸ்டிக்கும் நடக்கிற விவகாரம். என் தகப்பனாரின் தம்பியாகிய சித்தப்பா புல்லட் கட்சி. என் தாயாரின் தம்பியாகிய மாமா யெஸ்டி கட்சி. இவ்விருவருக்கும் பொதுவாக ஒரு திண்ணையும், கேட்பதற்கு ஆளாக நானும் இருந்தபடியால், எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் ஓரளவு தேர்ச்சி ஏற்பட்டது.

சண்டையின் ரசத்தை அனுபவிக்க வேண்டுமானால் இரு கட்சியாரின் ஸ்தல புராணங்களையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். ராயல் என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் 1901 முதல் மோட்டார் சைக்கிள் செய்துவந்த கம்பெனி. துப்பாக்கியைப்போல் செய்யப்பட்டது என்று தங்கள் வண்டியைப் பற்றி அவர்கள் விளம்பரம் செய்துவந்தார்கள். அதற்கு ஒத்துப்போகும்படியாக 1930-களின் தொடக்கத்தில் ஒரு வண்டிக்குப் புல்லட் என்று நாமகரணமும் செய்தார்கள். நம்முடைய சர்க்கார் ராணுவத்துக்கும் போலீசுக்கும் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததன் பயனாக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் கண்ணை மூடிவிட்டது. ஒற்றியூர்ப் பிள்ளை மட்டும் பிழைத்துக்கொண்டது. திருவொற்றியூர் எப்பேர்ப்பட்ட ஊர் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது தகும். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, பிறகு திருவாரூர் நினைவு வந்து எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களையும் இழந்தது அந்த ஸ்தலத்திலேதான். அவ்வூரில் பிறந்த வண்டியை வாங்கினவர்கள் அதைப் பிரிவதற்கு அஞ்சினால் அதில் நியாயம் இருக்கிறது. (அனைத்தையும் துறந்த பட்டினத்தடிகள் சமாதியானதும் அதே ஊரில்தான். ஆனால் புல்லட் கட்சியார் ஒருவரும் அந்த விஷயத்தைப் பிரஸ்தாபித்து நான் கேட்டதில்லை.)

எதிர்க்கட்சியின் புராணம் இதற்குச் சளைத்ததன்று. செக்கோஸ்லோவாகியா தேசத்தில் 1929-இல் தோன்றிய ஜாவா என்னும் வண்டியை, ருஸ்தம் இரானி, ஃபரோக் இரானி என்பவர்கள் ஐடியல் ஜாவா என்ற கம்பெனி வைத்து 1961 முதல் மைசூரில் செய்துவந்தார்கள். 1970-களில் செக் நாட்டுப் பெயரை விட்டுவிட்டு, ஜொராஸ்திர மதத்தாரின் பழம்பெரும் பதியாகிய பாரசீகத்து யஸ்து நகரத்தின் நினைவாக யெஸ்டி என்ற பெயரைச் சூட்டினார்கள். ஆகவே, ஆழ்ந்து யோசித்துப் பார்த்தால், கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த யுத்தம் உண்மையில் இங்கிலாந்துக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் நடந்த யுத்தமாகும். இடையில் பாரசீகமும் தலையிட்டிருக்கிறது. அந்த மூன்று தேசத்தாரும் இன்றுவரை எங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் அறியார்கள்.

சித்தப்பா வண்டியைக் கிளப்புகிற காட்சியை நான் பால்யத்தில் தினந்தோறும் பார்த்தவன். அதைக் கிளப்புவது என்று சொல்வதே அபசாரம். எழுந்தருளப் பண்ணுவது என்றுதான் சொல்ல வேண்டும். வேஷ்டி கட்டிக்கொண்டோ வெறுங்காலோடோ அந்தக் காரியத்தில் பிரவேசிக்கலாகாது. முதலில் பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைத் திருப்புவார். முகப்பு விளக்குக்கு மேலே, புலிக்கண் என்று அபிமானிகள் செல்லமாக அழைக்கும் இரண்டு சிறு விளக்குகளுக்கு நடுவே, ஆம்பியர் மீட்டர் ஒன்று இருக்கிறது. அதன் முள்ளின் மேல் பார்வையைப் பதித்து, இடது கையால் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, எஞ்சினுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுக்கு வழிவிட்டு, வலது காலால் கிக்கரை மெள்ள மெள்ள, தூங்குகிற குழந்தையின் தொட்டிலைத் தாண்டுகிறவர் போல் அழுத்துவார். முள் ஒரு பக்கமாக ஆடும், பிறகு தயங்கும், பிறகு சரியாக நடுவுக்கு வந்து நிற்கும். அந்த க்ஷணத்தில் லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில் இறக்கி ஒரே உதை. டப், டப், டப் என்று திண்ணைத் தூணில் மாட்டியிருந்த காலண்டர் அதிர ஆரம்பிக்கும். முள் நடுவுக்கு வருமுன் அவசரப்பட்டு உதைப்பவரை அந்தக் கிக்கர் திருப்பி உதைக்கும் என்பது புல்லட் உலகம் முழுவதும் அறிந்த விஷயம். கணுக்காலில் கட்டோடு நடப்பவர்களை, பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல், அந்தக் கட்சியார் ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள்.

இதோடு முடிந்துவிடவில்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். நம் நாட்டுத் தெருக்களில் ஓடும் மற்ற மோட்டார் சைக்கிள்களில் இது தலைகீழ். வேறு வண்டியில் பழகினவன் இதில் ஏறினால், பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவான். ஓடுகிற கியரிலிருந்து நியூட்ரலைத் தேடிக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மிதி வேறு வைத்திருந்தார்கள். இவ்வளவையும் சித்தப்பா பெருமையாகவே எடுத்துரைப்பார். “என் வண்டியை இதுவரை ஒருத்தன் இரவல் கேட்டதில்லை, தெரியுமோ? வேறு எந்தக் கம்பெனிக்காரன் இந்த வசதியை வைத்துக் கொடுத்தான்?”

மாமாவின் யெஸ்டியோ வேறு தத்துவத்தில் பிறந்தது. கிக்கரும் கியரும் அதில் ஒரே லீவர். சற்று அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்துக் கீழே இறக்கினால் அதுவே கியர். இந்தச் சிக்கனத்தை நினைத்து நினைத்து மாமா நெஞ்சுருகுவார். கிளட்ச்சைப் பிடிக்காமலே கியர் மாற்றலாம் என்பதை, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அனைவரையும், அவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா என்ற வித்தியாசம் பாராட்டாமல், பின்னால் உட்காரவைத்து மகாமகக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி நிரூபிப்பார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினாகையால் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். பங்க்கில் ஆயிலை ஊற்றியதும், இரண்டும் நன்றாய்க் கலக்கட்டும் என்று வண்டியை இரு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக அவர் ஆட்டும்போது, பின்னால் நிற்கிற லாரிக்காரர் ஹாரன் அடித்தால், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். 250 சிசி; ஒரே சிலிண்டர்; ஆனால் சைலன்ஸர் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. ஒன்றுக்கு எதற்கு இரண்டு என்று சித்தப்பா கேட்பது வழக்கம். “உங்களுக்கு மூக்கு ஒன்றுதானே அத்தான், துவாரம் எத்தனை?” என்று மாமா பதில் சொல்வதும் வழக்கம்.

வாதங்கள் நாள்தோறும் ஒரே வரிசையில் நடக்கும். பழைய புல்லட்டுகள் எண்ணெய் கசியும் என்பது அந்தக் காலத்தில் ஊரறிந்த பரிகாசம். அதை மாமா எடுத்த எடுப்பில் ஆரம்பிப்பார். சித்தப்பாவுக்கு அதனால் கொஞ்சமும் கோபம் வராது. “மாப்பிள்ளை, சொட்டினால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சொட்டாத வண்டியில் இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்து அறிவது?” என்பார். பிறகு, யெஸ்டி விடுகிற வெள்ளைப் புகையைப் பற்றிப் பேச்சு வரும்.

“அத்தான், புகை இல்லாமல் யாகம் உண்டா?”

“யாகமா? முனிசிபாலிடிக்காரன் கொசு மருந்து அடிக்க வந்துவிட்டான் என்று உங்கள் தெருவில் ஜன்னலைச் சாத்துகிறார்களாமே.”

“சாத்தட்டுமே. கொசு போகிறதா இல்லையா?”

நம்முடைய தர்க்க சாஸ்திரத்தில் எதிராளி சொல்லும் குற்றத்தை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகு அது குற்றமில்லை என்று நிலைநாட்டுவது முறை. இங்கே அந்தச் சிரமமே இல்லை. குற்றத்தை அப்படியே ஒப்புக்கொண்டு, அதைத் தூக்கி மகுடமாக வைத்துக்கொள்கிறார்கள். வெகுநாள் யோசித்து இதற்கு நான் கண்டுபிடித்த காரணம் ஒன்று உண்டு. குற்றமே இல்லாத பொருள்மீது யாருக்கும் அபிமானம் உண்டாவதில்லை. தானாக ஓடுகிற வண்டியில் ஏறிப் போகலாமே தவிர, அதோடு உறவு கொண்டாட முடியாது. ஒருவன் ஸ்பானரும் கரித்துணியுமாகத் தன் வாசலில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைப் பலி கொடுத்திருக்கிறானோ, அத்தனைக்கத்தனை அது உலகத்திலேயே உயர்ந்த வண்டியாக இருந்தே தீரவேண்டும். இல்லையென்று ஆகிவிட்டால், போன ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யார் பதில் சொல்வது? அடுத்த வீட்டுக்காரன் வேறு வண்டி வாங்கி அதிலும் சௌக்கியமாகப் போய் வருகிறான் என்றால், அவன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும், அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு போகிறான்.

இந்த விவகாரத்தில் இரு தரப்பாரும் என்னை மத்தியஸ்தனாக ஏற்றுக்கொண்டதற்கு ஒரே காரணம், நான் பிற்பாடு வாங்கிய வாகனம் இருவராலும் சமமாக இகழப்பட்டதுதான். அது 1980-இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டிவிஎஸ் மொபெட்டின் வம்சத்தில் வந்தது. பால் கேன், வாழை இலைக்கட்டு, நெல் மூட்டை, மாவாட்டப் போகிற அண்டா, இரண்டு பிள்ளைகள் இவை எல்லாவற்றையும் ஒரே நடையில் சுமந்துகொண்டு இந்த நாட்டின் பாதி வியாபாரத்தை நடத்திக்கொண்டிருக்கும் அந்தப் பிராணிக்காக ஒருவர் இன்னொருவரை அடிக்கக் கையை ஓங்கினதாக நான் கேள்விப்பட்டதில்லை. தோல் சட்டை அணிந்து, அணி வகுத்து, அதில் லடாக்குக்குப் புறப்படுகிறவர்களும் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எங்கள் இரு கட்சியாருக்கும் பொதுவான மெக்கானிக் பாய் ஒருவர் ஆயிகுளம் ரோட்டுப் பக்கம் இருந்தார். சித்தப்பாவும் மாமாவும் ஒருநாள் அவரிடமே நேராகப் போய், இரண்டில் எது உசத்தி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடும்படி கேட்டார்கள். பாய் கையிலிருந்த பிளக்கை ஊதித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். “ரெண்டுமே தங்கமான வண்டிங்க. ரெண்டையும் விட்டுடாதீங்க,” என்றார். சாயங்காலம் அவர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனது என்னுடைய ஜாதி வாகனத்தில்.

குடும்ப விசேஷங்களிலும் இந்தத் தகராறு தலைநீட்டாமல் இருந்ததில்லை. என் தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எந்த வண்டி என்பதை இவ்விருவரும் தீர்மானித்துச் சொல்வதாய்ப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். நிச்சயதார்த்தம் ஆயிற்று, முகூர்த்தம் ஆயிற்று, சீமந்தமும் வந்தது. மாப்பிள்ளை நல்ல சுபாவம். தன் சம்பளத்திலேயே ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டார்.

இப்போது இந்த யுத்தகளம் திண்ணையிலிருந்து கைபேசிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. சொந்தப் பிள்ளை வெளியூரிலிருந்து அனுப்பும் க்ஷேம சமாசாரத்துக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் போடுகிற சித்தப்பா, இராச்சாப்பாட்டுக்குப் பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முன்பின் பார்த்திராத யாரோ ஒரு பஞ்சாபியோடு இரவு பதினோரு மணி வரையில் ஒற்றை விரலால் யுத்தம் செய்கிறார். அங்கே நான் எட்டிப் பார்த்தவரையில் ஓர் உண்மை புலப்பட்டது. வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவாறு நிதானமாகவே பேசுகிறார்கள். தங்கள் வண்டியின் இரண்டொரு குறைகளைச் சபையில் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்ளவும் செய்கிறார்கள். எவனிடத்தில் இரண்டு வண்டியுமே இல்லையோ, வாங்குகிற உத்தேசமும் இல்லையோ, அவன்தான் ரத்தம் சிந்தாமல் திரும்புவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்குப் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றும் கிடையாது. காலையில் எழுந்து எதையும் உதைத்துக் கிளப்ப வேண்டியதில்லை அல்லவா?

1996-இல் மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. சித்தப்பா அன்றைக்கு வெற்றிக்கொடி நாட்டிவிட்டதாகவே நினைத்தார். துக்கம் விசாரிப்பதுபோல் மாமா வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஆனால் காரியம் அவர் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. மூடிவிட்ட கம்பெனி புதிதாக ஒரு தப்பும் செய்யாது. விலை ஏற்றாது, மாடலை மாற்றாது, விளம்பரத்தில் அசட்டுத்தனம் பண்ணாது. யெஸ்டி கட்சியின் பக்தி அதற்குப் பிறகுதான் முழுப் பிரகாசம் அடைந்தது. கிடைக்காத உதிரிச் சாமானைக் கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டார்கள். எந்த ஊரில் யார் வீட்டுப் பரணில் ஒரு பழைய கார்புரேட்டர் தூங்குகிறது என்பதை ஜாதகம்போல் மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஜாவா, யெஸ்டி தினம் என்று ஏற்படுத்தி, ஊர் ஊராக வண்டிகளைத் துடைத்துக்கொண்டுவந்து நிறுத்தி உற்சவம் கொண்டாடினார்கள். பேப்பரில் நாளைக்கு என்ன செய்தி வருமோ என்ற கவலை அவர்களுக்கு இல்லை. சித்தப்பாவுக்கு இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்றுக் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு அபிமானிகள் இருந்தும் மைசூர்க் கம்பெனி ஏன் மூடியது? டூ ஸ்ட்ரோக்கின் புகைக்கு வந்த சட்டம், ஜப்பான் கூட்டுறவோடு வந்த 100 சிசி வண்டிகளின் மைலேஜ் என்று காரணங்கள் பல. ஆனால் மாமாவின் பங்கும் அதில் கொஞ்சம் இருக்கிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அவர் தம் ஆயுளில் வாங்கியது ஒரே ஒரு யெஸ்டி. அது ஓடிக்கொண்டிருக்கிறபோது இன்னொன்று எதற்கு? சித்தப்பாவின் கணக்கும் இதுவே. அவருடைய கம்பெனியை 1994-இல் ஐஷர் கம்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். 2000-ஐ ஒட்டி, விற்பனை போதவில்லை, இதை இழுத்து மூடிவிடலாமா என்று அவர்களே யோசிக்கும்படியான நிலைமை வந்தது. தேசம் முழுவதும் புல்லட்டுக்காக உயிரைக் கொடுக்கச் சித்தமாய் இருந்த வீரர்கள் அந்தச் சமயத்தில் எங்கே போயிருந்தார்கள் என்றால், அவரவர் வாசலில் உட்கார்ந்து, 20 வருஷத்துப் பழைய வண்டியின் பாயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உயிரைக் கொடுக்கத் தயாராய் இருந்தார்களே ஒழிய, புது வண்டிக்கு முன்பணம் கொடுக்க ஒருவரும் தயாராயில்லை. கம்பெனியைக் கடைசியில் காப்பாற்றியவர்கள், டீகம்ப்ரஷன் லீவர் என்றால் இன்னதென்று அறியாத வாலிபர்கள்.

அந்த வாலிபர்களுக்காகக் கம்பெனியார் செய்த காரியங்கள்தாம் சித்தப்பாவின் வார்த்தையில் துரோகம். 2009-ஐ ஒட்டி, எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாக அமைந்த புதிய எஞ்சின் வந்தது. எண்ணெய்ச் சொட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. கியர் இடது காலுக்கும் பிரேக் வலது காலுக்கும் முன்பே இடம்பெயர்ந்திருந்தன. ஆம்பியர் முள் போயிற்று. செல்ப் ஸ்டார்ட்டர் வந்தது. தொட்டியின்மேல் ஓடுகிற பொன்னிறக் கோட்டைக் கையால் எழுதும் வழக்கத்தை மட்டும் கம்பெனியார் விடாமல் வைத்திருந்தார்கள். அது சித்தப்பாவுக்குச் சமாதானமாக இல்லை. “பொத்தானை அமுக்கினால் ஓடுமாம். அதற்கு நான் ஒரு மிக்ஸி வாங்கிக்கொள்ள மாட்டேனா?” என்றார். ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை கட்டி, வண்டிகள் முன் எப்போதும் இல்லாதபடி விற்று, வாங்குபவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தபோது அவருடைய துக்கம் இன்னும் அதிகமாயிற்று. இத்தனை பேருக்குப் பிடிக்கிற வண்டி எப்படி நல்ல வண்டியாக இருக்க முடியும் என்று கேட்டார்.

இந்த மனோபாவம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கோகா கோலா கட்சிக்கும் பெப்சி கட்சிக்கும் நடக்கும் யுத்தம் லோகப் பிரசித்தம். கண்ணைக் கட்டிச் சுவைக்கச் சொன்னால் ஜனங்கள் தங்கள் பானத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பெப்சிக்காரர்கள் 1975 முதல் கடைவீதிதோறும் மேஜை போட்டுக் காட்டினார்கள். அந்த அவமானத்தையெல்லாம் கோகா கோலா பக்தர்கள் துச்சமாக மதித்துச் சகித்துக்கொண்டார்கள். ஆனால் 1985 ஏப்ரல் மாதத்தில் அவர்களுடைய சொந்தக் கம்பெனியே, பரீட்சைகளில் பழையதைவிட ருசியானது என்று தேறிய ஒரு புதுக் கலவையைக் கொண்டுவந்தபோது, தேசமே அமளிப்பட்டது. பழைய பாட்டில்களை வாங்கிப் பதுக்கியவர்கள் எத்தனை பேர். டெலிபோனில் கம்பெனியைத் திட்டித் தீர்த்தவர்கள் எத்தனை பேர்! 79 நாட்களில் பழைய சரக்கு கடைக்குத் திரும்பி வந்தது. எதிரியின் கம்பெனியால் அபிமானிக்கு அதுவரையில் ஒரு குறைவும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லப்போனால், எதிரி இருந்தபடியால்தான் அவனுக்குச் சாயங்காலப் பொழுது போயிற்று.

நம்முடைய கதைக்கு வருவோம். 2018 நவம்பரில் மஹீந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனியார் ஜாவாவை மறுபடி கொண்டுவந்தார்கள். மாமா அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொன்னார். கடைக்கு வண்டி வந்த மறுநாளே, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, என் மொபெட்டில் என்னோடு வந்து இறங்கினார். வண்டியை மும்முறை பிரதட்சிணம் செய்தார். குனிந்து சைலன்ஸர்களை எண்ணினார், இரண்டு இருந்தன. முகம் மலர்ந்தது. கடைப் பையன் பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பினான். மாமா மெள்ள வண்டியின் பின்பக்கம் போய், முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, சைலன்ஸரின் வாயருகில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. மறுபக்கத்துச் சைலன்ஸரையும் பாரபட்சமில்லாமல் மோந்தார். அது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்; பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை; தண்ணீரால் குளிர்கிறது; 293 சிசி என்று பையன் உற்சாகமாக அடுக்கிக்கொண்டே போனான். “எங்கே செய்கிறார்கள்?” என்று மட்டும் மாமா கேட்டார். மத்தியப் பிரதேசத்தில் பீதம்பூரில் என்றான். திரும்பி வரும்போது மாமா வழிநெடுகப் பேசவில்லை. 2022-இல் யெஸ்டி என்ற பெயரும் திரும்பி வந்தபோது, அதைப் பார்க்க வருகிறீர்களா என்று நான் கேட்டதற்கு, தமக்கு மூக்கு அடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்கன்று இருவரும் எங்கள் வீட்டில் சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். தெருவில் ஒரு புதுப் புல்லட் சத்தமில்லாமல் போயிற்று. அதாவது, சித்தப்பாவின் காதுக்குச் சத்தமில்லாமல் போயிற்று. முன்னெல்லாம் தெருமுனையில் அந்த டப் டப் கேட்டவுடன் சித்தி டிகாக்ஷனை அடுப்பில் வைப்பாள், இப்போது வண்டி வாசலுக்கு வந்த பிறகும் தெரிவதில்லை என்று அவர் பெருமூச்சு விட்டார். “இரும்பை அலுமினியமாக்கிவிட்டார்கள், மாப்பிள்ளை,” என்றார். “புகையை ஒழித்துவிட்டார்கள், அத்தான்,” என்றார் மாமா. என் ஆயுளில் முதன்முறையாக இருவரும் ஒரே பக்கம் பேசுவதைக் கேட்டு, உள்ளே இருந்த என் தாயார்கூட வாசற்படிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். பழைய வண்டிகளைப் போல் உலகத்தில் இல்லை என்பதில் ஒற்றுமை ஏற்பட்டது. கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள் என்பதிலும் ஒற்றுமை ஏற்பட்டது. வெற்றிலைத் தட்டு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகச் சௌஜன்யத்தோடு நகர்ந்தது.

சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர், “இருந்தாலும் மாப்பிள்ளை, உங்கள் கம்பெனியாவது நேராய்ச் செத்துப் போயிற்று, எங்களுடையது கண்ணெதிரே உயிரோடு இருந்துகொண்டு கெட்டது. எனக்கு வந்த துக்கம் உங்களுக்கு வராது,” என்று சொல்லிவிட்டார்.

மாமா வெற்றிலையைக் கீழே வைத்தார்.

“அதெப்படி அத்தான்? உங்களுடையது மூடாமல் கெட்டது. எங்களுடையது மூடியும் கெட்டது, திறந்தும் கெட்டது. எனக்கு இரண்டு தடவை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.”